கம்பியும் உணரியும்: மோட்டார் வண்டி இலத்திரனியலின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொறியை முதலில் ஆக்கியவர் யார், எந்த நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது, எவ்வாண்டில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது என்பனவே அவ்வரலாற்றில் முதன்மை பெறுகின்றன. அப்பொறி பழுதுற்றபோது அதனைத் திருத்தியவர் யார், திருத்துதற்கு வேண்டிய அறிவை அவர் எங்ஙனம் பெற்றார், அவ்வறிவு யாருடைய உடைமையாக இருந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. உற்பத்தியில் ஈடுபட்டோரின் உழைப்பாவது பொருளியல் வரலாற்றில் ஓரளவு இடம்பெற்றுள்ளது. திருத்தற் பணியில் ஈடுபட்டோரின் உழைப்பு அவ்விடத்தைத்தானும் பெறவில்லை.

இக்கட்டுரை அத்தகைய உழைப்பின் ஒரு சிறு கூற்றை எடுத்துக்கொள்கின்றது. இன்றைய மோட்டார் வண்டியொன்றின் எஞ்சினில் பல உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. எஞ்சினின் வெப்பநிலை, உள்ளிழுக்கப்படும் காற்றின் அளவு, சுழலும் அச்சின் நிலை, புகையில் எஞ்சியுள்ள ஒட்சிசன் ஆகியவற்றை அவை அளந்து, மெல்லிய கம்பிகள் வழியாக ஒரு கணனிக்கு அறிவிக்கின்றன. அக்கம்பிகளுள் ஒன்று அறுந்தாலோ அரிக்கப்பட்டாலோ, திருத்துவோர் ஏனைய கம்பிகளுக்கிடையே அதனை இனங்கண்டு, பழுதுற்ற பகுதியை வெட்டி நீக்கி, புதுக் கம்பியைப் பொருத்த வேண்டும். வெளிப்பார்வைக்கு இது அற்பமான வேலை. ஆயின், இவ்வேலை ஏன் தோன்றிற்று, எவ்வாறு கடினமாயிற்று என ஆராயுமிடத்து, கடந்த அரை நூற்றாண்டில் மக்கள் நலன், மூலதனம், அரசு, தொழிலாளரின் அறிவு ஆகியவற்றுக்கிடையே நிகழ்ந்த ஓர் இழுபறி புலப்படுகின்றது. தூய காற்றுக்கான மக்களின் கோரிக்கையே உணரியை வண்டிக்குள் பரவலாகக் கொண்டுவந்தது. ஆனால் உணரியோடு கூடவே, வண்டி பற்றிய அறிவு திருத்துவோரின் கையிலிருந்து உற்பத்தியாளரின் ஆவணங்களுக்குள் நகர்ந்தது. இம்முரண்பாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சக்தியைக் கொண்டுசென்ற கம்பி

தொடக்ககால வண்டிகளில் கம்பிகள் மிகச் சிலவே. 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்ட போட் நிறுவனத்தின் 'ரி' மாதிரி வண்டி, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் காந்தங்களிலிருந்தே தீப்பொறிக்கு வேண்டிய மின்னைப் பெற்றது. 1912இல் சாள்ஸ் கெற்றறிங் உருவாக்கிய மின்தொடக்கி கடிலாக் வண்டியிற் பொருத்தப்பட்டதன் பின்னர், பற்றரி வண்டியின் இன்றியமையாத உறுப்பாயிற்று. விளக்கு, ஊதுகுழல், தீப்பொறிச் சுருள் ஆகியன ஒவ்வொன்றாக அதனுடன் இணைக்கப்பட்டன. கம்பிகள் பெருகப் பெருக அவற்றைக் கற்றையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இடும் வழக்கம் நிலைபெற்றது.

இந்நிற வழக்கு ஒரு மொழி போன்றது. மொழி போலவே நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பிரித்தானிய வண்டிகளிற் பற்றரியிலிருந்து நேரே வரும் கம்பி பழுப்பு நிறமானது. எரியூட்டற் சாவியால் உயிர்பெறும் கம்பி வெள்ளை. உருகி வழியே வரும் அதன் கிளை பச்சை. புவித்தொடுப்புக் கம்பி கறுப்பு. ஜேர்மனிய வழக்கிலோ பழுப்பு நிறமே புவித்தொடுப்புக்கு உரியது. அங்கே முடிவிடங்கள் எண்களாலும் குறிக்கப்பட்டன: 30 பற்றரியின் நேர்முனை, 15 சாவியால் இயங்குவது, 31 புவித்தொடுப்பு. ஒரு நாட்டின் வண்டியிற் பயின்ற ஒருவர் மறுநாட்டின் வண்டியைத் திறக்கும்போது, உயிர்க்கம்பியின் நிறம் புவிக்கம்பியின் நிறமாக மாறியிருப்பதைக் காண்பார். எனினும் இவ்வேறுபாடு கற்றுக்கொள்ளத்தக்கது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற வண்டிகளின் முழு மின்சுற்றும் கைநூலின் ஒரு பக்கத்தில் அடங்கியது. பலர் அதனை மனத்திலேயே வைத்திருந்தனர்.

இக்காலக் கம்பிகளின் பொதுப்பண்பு, அவை சக்தியைக் கொண்டுசென்றமையாகும். கம்பியில் மின் உண்டாயின் விளக்கு எரியும்; இன்றேல் எரியாது. ஒரு சிறு குமிழையும் இரு முனைக் கம்பிகளையும் கொண்ட சோதனை விளக்கே ஆய்வுக்கருவியாகப் போதியதாயிருந்தது. தீப்பொறியைக் கண்ணாற் காணலாம். தொடுகை முனைகளின் இடைவெளியைத் தகட்டுமானியால் அளக்கலாம். காபுறேற்றரின் கலவை செறிந்ததா மெலிந்ததா என்பதை எஞ்சினின் ஓசையாலும் தீப்பொறிச் செருகியின் நிறத்தாலும் உய்த்துணரலாம். எஞ்சின் தன் நிலையைத் திருத்துவோனின் புலன்களுக்கே நேரடியாக அறிவித்தது. இடையில் வேறொரு வாசகர் இருக்கவில்லை.

2. புகைமூட்டமும் சட்டமும்

இந்நிலையை மாற்றிய காரணி வண்டிக்குள்ளிருந்து தோன்றவில்லை. நகரத்தின் காற்றிலிருந்து தோன்றிற்று. 1943 யூலையில் லொஸ் ஏஞ்சலீஸ் நகரை மூடிய புகைமூட்டம் மக்களின் கண்களையும் தொண்டையையும் எரித்தது. முதலில் தொழிற்சாலைகள் மீதே குற்றஞ் சாட்டப்பட்டது. 1950களின் தொடக்கத்தில், கலிபோர்ணியாத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒல்லாந்து வழிவந்த இரசாயனவியலாளர் ஆரி ஹாகன்-சிமிற் இதன் தோற்றத்தை விளக்கினார். எரியாது வெளியேறும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பதும், அப்பொருள்களின் பெரும் ஊற்று மோட்டார் வண்டியே என்பதும் அவருடைய ஆய்வினாற் புலனாயின.

வண்டி உற்பத்தி நிறுவனங்கள் இம்முடிவை எளிதில் ஏற்கவில்லை. மாசு குறைக்கும் கருவிகளின் வளர்ச்சியைத் தடுப்பதற்கு அவை தம்முட் கூட்டுச்சதி செய்தன என ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் 1969இல் வழக்குத் தொடர்ந்தது. அதே ஆண்டில் அது இணக்கத் தீர்ப்பொன்றில் முடிவுற்றது. 1967இல் கலிபோர்ணியா காற்றுவளச் சபை நிறுவப்பட்டு, ஹாகன்-சிமிற் அதன் முதலாவது தலைவரானார். 1970 டிசெம்பர் இறுதியில் நிறைவேறிய தூய காற்றுச் சட்டத் திருத்தம், செனற்றர் எட்மண்ட் மஸ்கியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது; ஐதரோகாபன், காபனோரொட்சைட்டு ஆகியவற்றை 1975ஆம் ஆண்டு வண்டிகளிலும் நைதரசன் ஒட்சைட்டுகளை 1976ஆம் ஆண்டு வண்டிகளிலும் 90 வீதத்தாற் குறைக்குமாறு அது பணித்தது.

இது இயலாத காரியம் என அமெரிக்க நிறுவனங்கள் வாதிட்டன. யப்பானிய ஹொண்டா நிறுவனம் தனது புதிய எரியறை அமைப்பின் மூலம், ஊக்கி மாற்றியின் துணையின்றியே 1975ஆம் ஆண்டுக்குரிய அளவுகளை எட்டிக் காட்டிற்று. ஆயினும் காலக்கெடுக்கள் மீண்டும் மீண்டும் பின்தள்ளப்பட்டன. நைதரசன் ஒட்சைட்டுக்கான அளவு மைலுக்கு 1.0 கிராம் எனும் நிலைக்கு 1981இலேயே இறங்கிற்று. இவ்வாண்டு நமது ஆய்வுக்கு முக்கியமானது. அதன் காரணம் பின்னர் கூறப்படும்.

3. செய்தியைக் கொண்டுசென்ற கம்பி

எஞ்சினில் இலத்திரனியலைப் புகுத்தும் முயற்சி இச்சட்டத்துக்கு முன்னரே தொடங்கியிருந்தது. பென்டிக்ஸ் நிறுவனம் 1950களில் உருவாக்கிய இலத்திரனியல் எரிபொருள் உட்செலுத்தற் சாதனம் மிகச் சில வண்டிகளிலேயே பொருத்தப்பட்டு, நம்பகமின்மையாற் கைவிடப்பட்டது. அதன் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்ற ஜேர்மனியின் பொஷ் நிறுவனம், 1967இல் வொக்ஸ்வாகன் 1600 வண்டியில் தனது 'டி-ஜெற்றோனிக்' சாதனத்தை அறிமுகஞ் செய்தது. பெயரிலுள்ள 'டி' அமுக்கம் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. உள்ளிழு குழாயின் அமுக்கத்தை ஓர் உணரி அளந்தது. இவ்வண்டியின் முதன்மைச் சந்தை ஐக்கிய அமெரிக்கா என்பதும், அங்கு நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த மாசு விதிகளே இச்செலவுமிக்க சாதனத்துக்கு வழிவகுத்தன என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

உணரியைத் தவிர்க்க முடியாததாக்கியது ஊக்கி மாற்றியின் இரசாயனமாகும். காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அழிப்பதற்கு ஒட்சிசனைச் சேர்க்க வேண்டும். நைதரசன் ஒட்சைட்டை அழிப்பதற்கு ஒட்சிசனைப் பறிக்க வேண்டும். எதிரெதிரான இவ்விரு தாக்கங்களும் ஒரே மாற்றியில் நிகழவேண்டுமாயின், பெற்றோலின் ஒரு நிறைப்பங்குக்குக் காற்றின் 14.7 நிறைப்பங்கு என்னும் விகிதத்தின் மிகக் குறுகிய எல்லைக்குள் கலவை எப்போதும் நிற்க வேண்டும். காபுறேற்றரால் இதனைத் தானாகப் பேண முடியாது. ஆகவே, புகைக்குழாயிலேயே ஒரு கண்காணிப்பு தேவைப்பட்டது.

பொஷ் நிறுவனம் ஆக்கிய லம்டா உணரி இத்தேவையை நிறைவேற்றியது. 1976இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ வண்டிகளில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. சேர்க்கோனியம் ஈரொட்சைட்டினாலான சிறு கிண்ணமொன்றின் வெளிப்புறம் புகையையும், உட்புறம் வெளிக்காற்றையும் தொட்டு நிற்கும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்றதும், இருபுறத்து ஒட்சிசனுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். கலவை மெலிந்தால் அது ஏறத்தாழ 0.1 வோல்ற்று, செறிந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ற்று. கணனி இதனை வாசித்து எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றது. 1979இல் பொஷ்ஷின் 'மொற்றோனிக்' சாதனம் பி.எம்.டபிள்யூ. 732ஐ வண்டியில் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணனியின் கீழ்க் கொண்டுவந்தது. மேலே குறித்த 1981இலோ, ஜெனரல் மோட்டோர்ஸ் ஐக்கிய அமெரிக்காவில் விற்ற பெற்றோற் கார்கள் அனைத்துக்கும் கணனிக் கட்டுப்பாட்டை விரிவாக்கியது.

இவ்விடத்திற் கம்பியின் இயல்பே மாறியது. முன்னைய கம்பி சக்தியைக் கொண்டுசென்றது. புதிய கம்பி செய்தியைக் கொண்டுசெல்கின்றது. செய்தியின் பெறுநர் கணனி. திருத்துவோர் அச்செய்தியைப் புலன்களால் அறிய முடியாது. பழைய சோதனை விளக்கை உணரிக் கம்பியில் வைத்தால் ஒன்றும் புலப்படாது. அது இழுக்கும் மின்னோட்டம் கணனியின் நுண்சுற்றுகளைச் சிதைக்கவும் கூடும். ஒரு தலைமுறையின் நம்பிக்கைக்குரிய கருவி இவ்வாறு ஆபத்தான கருவியாயிற்று.

4. தேடலும் பொருத்தலும்

இப்புதிய கம்பியைத் தேடிப் பொருத்துவதற்கு வேண்டிய அறிவு எத்தகையது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஏனெனில், திருத்தற் பணியைப் பற்றி எழுதுவோர் பலர் அதனை வெறுங் கைப்பழக்கமென ஒதுக்கிவிடுகின்றனர்.

சுற்றுப்படம் கையில் இல்லாதபோது, கம்பியை அதன் நடத்தையாலேயே இனங்காண வேண்டும். வெப்பநிலை உணரிக்கு வழக்கமாக இரு கம்பிகள். அதன் தடை வெப்பம் ஏறுந்தோறும் குறையும். பரவலாகப் பயன்படும் வகையில் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். காற்றுவாயிலின் திறப்பை அளக்கும் உணரிக்கு மூன்று கம்பிகள்: ஒன்றில் கணனி வழங்கும் நிலையான 5 வோல்ற்று, ஒன்று புவித்தொடுப்பு, மூன்றாவது மிதியை அழுத்துந்தோறும் ஏறியிறங்கும் சைகை. அச்சின் சுழற்சியை அறியும் காந்தச்சுருள் உணரி ஆடலோட்டத்தைத் தரும். அதன் கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கியோ உலோகப் பின்னலாற் போர்த்தப்பட்டோ வரும். மல்ற்றிமீற்றர் எனப்படும் பல்மானியைக் கொண்டு இவ்வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பெயரிடப்படாத கம்பிக்குப் பெயரிடுகிறார் திருத்துவோர். கருதுகோள், சோதனை, விலக்கல், முடிவு என்னும் ஆய்வு முறையே இங்கும் தொழிற்படுகின்றது.

முறிவு எங்குள்ளது என்பது அடுத்த வினா. கற்றை வளையுமிடம், உலோக விளிம்பில் உராயுமிடம், புகைக்குழாயின் வெப்பம் படுமிடம், ஈரம் தங்கும் செருகி, எலி கடித்த பகுதி ஆகியனவே முதலிற் பார்க்கப்படுவன. எஞ்சின் இயங்கும்போது கற்றையை மெல்ல அசைத்து, எந்த அசைவில் சைகை தடுமாறுகின்றது எனக் கவனிப்பதும் ஒரு வழி. காவலுறையை ஊசியாற் குத்திச் சோதிப்பது விரைவானது. ஆனால் அத்துளை வழியே புகும் ஈரம் செம்பிழைகளைப் பச்சையாக அரித்து, சில மாதங்களில் புதியதொரு பழுதை உண்டாக்கும். ஆகவே தேர்ந்தோர் செருகியின் பின்புறத்தால் முனையைத் தொட்டே அளப்பர்.

பொருத்துதலுக்கும் நீண்ட வரலாறு உண்டு. இரு கம்பிகளை எதிரெதிராகச் சுற்றி இறுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் தந்திக் கம்பித் தொழிலாளரிடமிருந்து வந்தது. அமெரிக்கத் தந்தி நிறுவனமான வெஸ்ற்றேண் யூனியனின் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. பற்றாசின்றி, உலோகக் குழலை நெரித்துக் கம்பிகளை இணைக்கும் முறை, இரண்டாம் உலகப் போர்க் கால விமான, கப்பல் உற்பத்தியிற் பெருவளர்ச்சி பெற்றது. 1941இல் நிறுவப்பட்ட ஏ.எம்.பி. நிறுவனம் இத்துறையில் முன்னின்றது. இவ்விரு மரபுகளும் இன்றைய மோட்டார்த் திருத்தகத்திற் சந்திக்கின்றன. எது சிறந்தது என்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. பற்றாசு மின்தடையைக் குறைக்கும். ஆனால் உருகிய பற்றாசு இழைகளுக்கிடையே ஊர்ந்து கம்பியை விறைப்பாக்கும். விறைத்த பகுதி முடியும் இடத்தில், எஞ்சினின் அதிர்வால் இழைகள் காலப்போக்கில் முறியும். நெரித்த இணைப்பு அதிர்வைத் தாங்கும். ஆனால் உரிய கருவியும் உரிய அளவுக் குழலும் இன்றேல் அது தளர்ந்துவிடும்.

லம்டா உணரியின் கம்பி இவ்விவாதத்தில் ஒரு தனி இடம் பெறுகின்றது. அவ்வுணரிக்கு ஒப்பீட்டுக்காக வெளிக்காற்று வேண்டும் என மேலே கண்டோம். பல வகைகளில் அக்காற்று கம்பியின் இழைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய வெளி வழியாகவே உட்செல்கின்றது. அக்கம்பியிற் பற்றாசு வைத்தால் அவ்வழி அடைபடும். மின் தடையின்றிச் சென்றாலும் உணரி பொய்யுரைக்கும். இதனாலேயே பல திருத்தற் கைநூல்கள் இக்கம்பியை நெரித்தே பொருத்துமாறு பணிக்கின்றன. கம்பியென்பது மின்செல்லும் வழி மட்டுமே எனக் கற்ற ஒருவர், நேர்த்தியாக வேலை செய்தும் தோற்பதற்கு இது தக்க உதாரணம்.

பிழையான பொருத்தின் விளைவையும் ஓர் எண்கணக்கால் விளக்கலாம். 80 பாகையில் 300 ஓம் காட்டவேண்டிய வெப்பநிலை உணரியின் கம்பியில், அரித்துப்போன இணைப்பொன்று மேலும் 1,000 ஓம் தடையைச் சேர்க்கின்றதெனக் கொள்வோம். கணனி காண்பது 1,300 ஓம். அது எஞ்சின் ஏறத்தாழ 40 பாகையிலேயே உள்ளதென முடிவு செய்து, குளிர்ந்த எஞ்சினுக்கு ஏற்றவாறு எரிபொருளை மிகையாக்கும். உரிமையாளர் கூடிய பெற்றோலுக்குப் பணம் செலுத்துவார். நகரம் கூடிய புகையைச் சுவாசிக்கும். ஊக்கி மாற்றி மிகைவெப்பத்தாற் சிதையும். ஓர் அங்குலக் கம்பியிலுள்ள குறைபாடு, அரை நூற்றாண்டுச் சட்டப் போராட்டத்தின் பயனை அவ்வண்டியைப் பொறுத்தவரை இல்லாமற் செய்துவிடுகின்றது. தூய காற்றின் காவல் சட்டமியற்றுவோரிடம் மட்டுமன்றித் திருத்துவோரிடமும் தங்கியுள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

5. குறியீடு யாருடைய உடைமை?

கணனிக்கு மட்டும் புலனாகும் செய்தியைத் திருத்துவோருக்கு வெளிப்படுத்த ஒரு வாயில் தேவைப்பட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் வண்டிகளில், தொழிற்சாலைச் சோதனைக்கென அமைத்த செருகியின் இரு முனைகளைச் சிறு கம்பித்துண்டால் இணைத்தால், முகப்பிலுள்ள எச்சரிக்கை விளக்கு குறியீட்டெண்களை மின்னிமின்னிக் காட்டும். ஒரு முறை மின்னி, இடைவெளிவிட்டு இருமுறை மின்னினால் 12: எஞ்சின் சுழலவில்லை. 13 ஆயின் ஒட்சிசன் உணரியின் சுற்று அறுந்துள்ளது. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் செருகியையும் எண்ணையும் வகுத்துக்கொண்டது. எண்ணின் பொருள் நிறுவனத்தின் கைநூலில் இருந்தது; கைநூல் முகவர் நிலையத்தில் இருந்தது.

உழைப்பின் செயற்பாங்கிலிருந்து அதற்குரிய சிந்தனையைப் பிரித்து முகாமையிடம் குவித்தலே ஏகபோக மூலதனத்தின் போக்கு என ஹரி பிறேவர்மன் 1974இல் வாதிட்டார். வண்டி திருத்தும் தொழிலுக்கு இவ்வாதம் பெருமளவு பொருந்துவதாயினும் ஒரு திருத்தம் வேண்டப்படுகின்றது. இலத்திரனியல் திருத்துவோரின் திறனைத் தாழ்த்தியது என்பது சரியன்று. மேலே காட்டியவாறு, தேவையான திறன் உண்மையில் உயர்ந்தது. பிரிக்கப்பட்டது திறனன்று, தகவலே. கம்பியின் நிறம், முனையின் எண், சைகையின் சரியான அளவு ஆகிய தகவல்கள் விற்பனைப் பண்டமாக்கப்பட்டன. திறனுடைய ஒருவர் தகவல் இன்மையாற் கையறு நிலையில் நிறுத்தப்பட்டார்.

இந்நிலையை ஓரளவு மாற்றியதும் அதே காற்றுச் சட்டங்களே என்பது இவ்வரலாற்றின் சுவையான கூறு. உணரி பழுதுற்ற வண்டி மாசு கக்குமாதலின், பழுதை வண்டியே அறிவிக்க வேண்டுமென கலிபோர்ணியா விதித்தது. அவ்விதி 1988ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு வண்டிகள் முதல் ஐக்கிய அமெரிக்கா முழுவதும் 16 முனைகள் கொண்ட பொதுச் செருகியும் பொதுக் குறியீட்டெண்களும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் இது பெற்றோல் வண்டிகளுக்கு 2001இல் வந்தது. எந்நிறுவன வண்டியாயினும் 'பீ 0135' என்னும் குறியீடு முதல் ஒட்சிசன் உணரியின் சூடாக்கிச் சுற்றையே குறிக்கும். சிறு திருத்தகம் ஒன்று மலிவான வாசிப்பானைக் கொண்டு எல்லா வண்டிகளோடும் பேசும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று.

ஆயின் இது பாதி வெற்றியே. குறியீடு எச்சுற்றிற் பழுது என்பதைக் கூறும். எக்கம்பி, எவ்விடத்தில் என்பதைக் கூறாது. சுற்றுப்படம் இன்னும் விலைக்குரியதாகவே உள்ளது. பொதுக் குறியீடுகளுக்கு அப்பால் நிறுவனத்துக்கே உரிய குறியீடுகளும் உள்ளன. 1986இல் டெற்றொயிற்றில் பொஷ் அறிமுகஞ் செய்த 'கான்' இணைப்பு, முறுக்கிய இரு கம்பிகளிற் பல கணனிகள் உரையாட வழி செய்து கம்பிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியது. அதேவேளை, செய்தியைக் கம்பியிலிருந்து மென்பொருளுக்கு மேலும் நகர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் திருத்தற் தகவல்களைச் சுயாதீனத் திருத்துவோருக்கும் வழங்குமாறு விதித்தது. மசசூசெற்ஸ் மாநில மக்கள் 2012 நவம்பரில் திருத்தும் உரிமைக்கு ஆதரவாகப் பெரும்பான்மை வாக்களித்தனர். கம்பியின்றி வானலைவழி உற்பத்தியாளருக்கு அனுப்பப்படும் தகவல்களுக்கும் அவ்வுரிமையை விரிவாக்க 2020இல் மீண்டும் வாக்களித்தனர். அவ்வாண்டிலேயே உற்பத்தியாளரின் கூட்டமைப்பு அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. திருத்தும் உரிமை சட்டமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் போராடிப் பெறவேண்டிய ஒன்றாகிவிட்டது.

6. கற்றையைக் கட்டிய கைகள்

திருத்துவோரின் கைக்கு வரும் கம்பிக் கற்றை இன்னொருவரின் கையாற் கட்டப்பட்டது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. வண்டி உற்பத்தியில் இயந்திர மனிதன் புகுந்துள்ள இக்காலத்திலும், நெகிழ்ந்த கம்பிகளைப் பலகையில் வரிசைப்படுத்திக் கட்டும் வேலை பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே செய்யப்படுகின்றது. ஆகவே அது கூலி குறைந்த நாடுகளை நாடிச் செல்கின்றது. 1970களின் இறுதியிலிருந்து அமெரிக்க வண்டிகளுக்கான கற்றைகள் மெக்சிக்கோ எல்லை நகரான சியுடாட் யுவாரெசில் கட்டப்பட்டன. அத்தொழிலாளரிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2022இல் உக்கிரேனிற் போர் விரிவடைந்தபோது, அங்கிருந்து கற்றைகள் வராமையால் ஜேர்மனியின் பெரும் வண்டித் தொழிற்சாலைகள் சில தற்காலிகமாக நின்றன. கட்டியவரும் திருத்துபவரும் ஒரே கம்பியின் இரு முனைகளில் நிற்கின்றனர். இருவருக்குமிடையே உள்ள அறிவோ மூன்றாமவரின் உடைமையாய் உள்ளது.

7. இலங்கை அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

மேற்கூறிய வரலாறு பிறநாடுகளில் நிகழ்ந்ததாயினும், அதன் விளைவுகள் வண்டிகளை இறக்குமதி செய்யும் நாடுகளையும் சார்ந்தன. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது எரிபொருட் தடை நிலவியபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்குட் செலுத்தி எஞ்சினை இயக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இது திருத்துவோரின் திறனுக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வண்டிகள் அத்திறனுக்கு இடங்கொடுத்தன என்பதையும் கூறவேண்டும். அங்கு எரிதலைக் கண்காணிக்கும் உணரியில்லை, மறுக்கும் கணனியில்லை. அவ்வண்டிகளிலிருந்து வெளிவந்த புகையை மக்கள் சுவாசித்தனர் என்பது அதன் மறுபக்கம்.

1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் யப்பானில் ஓடிய வண்டிகள் பெருந்தொகையாக இறக்குமதியாயின. அவற்றின் கைநூல்கள் யப்பானிய மொழியில் இருந்தன. 2002 வரை இந்நாட்டில் ஈயங்கலந்த பெற்றோல் விற்கப்பட்டது. ஈயம் ஊக்கி மாற்றியையும் லம்டா உணரியையும் ஒருங்கே கெடுக்கும் இயல்பினது. 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டபின், உள்ள வண்டிகளைத் திருத்தியே ஓட்டவேண்டிய நிலை வலுத்தது. இச்சூழல்களில் எம் தொழிலாளர் பெற்ற அறிவு ஏட்டில் ஏறவில்லை. பாடநூலின் தமிழ் உணரி, சைகை, புவித்தொடுப்பு என்கின்றது. கராஜின் தமிழ் சென்சர், வயர், ஏர்த் என்கின்றது. இரு தமிழும் சந்திக்கும் ஒரு கைநூல் ஆக்கப்படுதல் வேண்டும். அது மொழியியலாளரும் பொறியியலாளரும் திருத்துவோரும் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய பணியாகும்.

முடிவுரை

பழைய வண்டியின் எளிமையை எண்ணி ஏங்குதல் வரலாற்று நோக்கு ஆகாது. இன்றைய புதிய கார் 1960களின் காரைவிடப் பெரும்பாலான மாசுகளை 98 வீதத்துக்கும் மேலாகக் குறைத்தே வெளியிடுகின்றது. அதனைச் சாத்தியமாக்கியவற்றுள் உணரி முதன்மையானது. உணரி மக்களின் கோரிக்கையால் வந்தது. ஆகவே அது மக்களுடையது. அதனைச் சூழ்ந்து எழுப்பப்பட்ட தகவல் வேலி வேறொரு நலனிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் பிரித்துநோக்காதோர், தொழில்நுட்பத்தை முற்றாக வெறுப்போராகவோ அதன் உடைமையாளரை முற்றாக ஏற்போராகவோ முடிவர்.

கம்பியொன்றைத் தேடிப் பொருத்தும் தொழிலாளி நாள்தோறும் இவ்வேலியின் முன் நிற்கின்றார். சுற்றுப்படம் கிடைத்தால் ஒரு மணித்தியாலத்தில் முடியும் வேலை, அது கிடையாமையால் இரண்டு நாளாகின்றது. சில வேளை நல்ல கணனி பழுதென எண்ணி மாற்றப்படுகின்றது. அச்செலவு வண்டியை நம்பி வாழ்வோரின் தலையில் விழுகின்றது. அவர் அளந்தறிந்து தன் குறிப்பேட்டில் எழுதும் நிறங்களும் எண்களும் ஓர் அறிவுத்தொகுதியின் பகுதிகளே. அவற்றைத் திரட்டுதலும், ஒப்புநோக்குதலும், எல்லோருக்கும் உரியனவாக்குதலும் பல்கலைக்கழக ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டன என்று கருதுவதற்குக் காரணம் எதுவுமில்லை.